பதினோராம் நம்பர் தகடு

வானம் கறுத்தால் போதும், கண்ணாயிரம் மேஸ்திரிக்கு இருப்புக்கொள்ளாது. மரக்காணத்தில் மழைக்கு யார்தான் பயப்படவில்லை? பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடுமே என்ற பயம். இவருக்கு அந்தக் கவலையே கிடையாது. உப்பு எக்கேடோ கெடட்டும் என்று ஆட்களைத்தான் எண்ணுவார்.

இருபத்தாறு வருஷம் ஆந்திரா பக்கம் ஒரு சின்ன நிலக்கரி ஊரில், சுரங்கத்தில் கிடந்தவர். அந்த ஊரே சங்குச் சத்தத்துக்குக் கட்டுப்பட்டது. ஷிப்டு முடிந்து ஊதினால் உலை வைப்பார்கள். நேரம் தவறி ஊதினால், தெலுங்குக்காரி, தமிழ்க்காரி என்றில்லை, எல்லாப் பெண்களும் அடுப்பைப் போட்டது போட்டபடி சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். அங்கே ஒரு பலகை. இறங்குகிறவன் தன் நம்பர் தகட்டை எடுத்துக்கொண்டு போவான், ஏறி வந்ததும் மாட்டுவான். ஆணி காலியென்றால் ஆள் உள்ளே இருக்கிறான்.

ஊர் திரும்பி உப்பளத்துக்கு மேஸ்திரியானதும், கொட்டகையில் அதே மாதிரி ஒரு பலகை அடித்தார். பதினாலு ஆணி, பதினாலு தகரத் தகடு.

“உப்பு வார்றதுக்கு எதுக்கு மேஸ்திரி நாய் வில்லை?” என்று கூலியாள் செந்தமிழ் கிண்டல் செய்வான்.

“சிரிடா சிரி. ஒருத்தர் தகட்ட இன்னொருத்தர் மாட்டுனா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடும்!”

போன மே மாதம் ஒரு மத்தியானம், அனுமந்தைப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. இடி சத்தம் கேட்டதும் எல்லாரும் அலறியடித்துக் கொட்டகைக்கு ஓடிவந்து தகட்டை மாட்டினார்கள். மாட்டியது பதிமூன்று. பதினோராம் ஆணி காலி. யாருடைய தகடு அது? சூர்யகலா!

“அவ பின்வரப்பு வழியா வூட்டுக்குப் போயிருப்பா மேஸ்திரி, விடுங்க” என்றான் செந்தமிழ்.

கண்ணாயிரத்துக்குச் சுரங்கத்தில் நடந்தது கண்முன் வந்து நின்றது. அன்றைக்கு ஷிப்டு முடிந்து ஏறியதும், கூட வேலை பார்த்த வெங்கடாசலம், “சாப்பாட்டுத் தூக்க உள்ளயே வச்சிட்டேன், இத மாட்டிடுப்பா, தோ வந்துர்றேன்” என்று தகட்டை இவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போனார். இவரும் மாட்டினார். சுரங்கத்துக்குள் கூரை சரிந்தது. பலகை நிறைந்திருந்ததால் யாரும் தேடவில்லை. அடுத்தவன் தகட்டை மாட்டினது தெரிந்தால் வேலை போய்விடுமே என்று, பாவி மனுஷன், இவர் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது வெங்கடாசலம் உயிரோடு இல்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கொட்டகையை விட்டு வெளியே பாய்ந்தார். “சூர்யகலா! சூர்யகலா!”

ஊர்ப்பக்கமிருந்து, வெட்டவெளிப் பாத்திகளின் நடுவே ஒருத்தி ஓடி வந்துகொண்டிருந்தாள். அவளேதான்.

“வராத! திரும்பிப் போ!” என்று கத்தினார். மழையில் அவளுக்கு எங்கே கேட்கப் போகிறது? பளீரென்று வெட்டியது. அவள் தாண்டி வந்த வரப்பிலிருந்த பனை புகைந்தது.

அவள் கொட்டகைக்குள் வந்து விழுந்தாள். மூச்சு இரைத்தது.

“கோச்சுக்காதீங்க மேஸ்திரி. வூட்டுக்குப் போயி பாத்தா தகடு முந்தானைலயே முடிஞ்சிருக்குது. எம் பையன்கிட்ட குடுத்தனுப்பலாம்னுதான் பாத்தேன். நீங்கதான் அடுத்தவங்க மாட்டக்கூடாதுன்னு சொல்லிட்டீங்களே?”

கண்ணாயிரம் பலகைக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சூர்யகலா தகட்டை மாட்டினாள். “பதினாலும் இருக்குது. இனிமே பயப்படாதீங்க.”

அவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். வெங்கடாசலம் உள்ளே கிடந்த அன்றைக்கும் சுரங்கப் பலகை இப்படித்தான் நிறைந்திருந்தது.