மென்சவ்வுப் பாடத்துக்கு வந்த தகப்பன்

தகரக் கொட்டில் ரியூசனில் உயர்தர வகுப்பு உயிரியல் படிப்பிப்பவர்களுக்கு ஒரு தனி வருத்தம் உண்டு: கண்ணுக்குத் தெரியாததை, கண்டால்தான் நம்புகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்களில் யாராவது உயிர்க்கலத்தைச் சுற்றியிருக்கும் கலமென்சவ்வைப் படிப்பித்திருந்தால் மேலே விளக்கத் தேவையில்லை.

உள்ளே போகும் வழி

புதுக்குடியிருப்பில் என் வகுப்புக்கு வரும் நிவேதா முதல் தடவைப் பரீட்சையில் உயிரியலைக் கோட்டை விட்டவள். இரண்டாம் தடவை எழுத விடுவதா, கார்மென்ற்ஸ் வேலைக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க, அவளுடைய தகப்பன் தவராசா அண்ணையே வந்து கடைசி வாங்கில் பிள்ளைகளோடு இருந்துவிட்டார். "என்ன படிப்பிக்கிறியள் எண்டு பாத்திட்டுச் சொல்லுறன், ரீச்சர்" என்றார். பிள்ளைகள் பேனையைக்கூடச் சத்தமில்லாமல் திறந்தார்கள்.

ஒட்சிசன் மென்சவ்வினூடாகத் தானாகவே உள்ளே போகும், குளுக்கோசு அப்படிப் போகாது, அதை உள்ளே விட மென்சவ்விலேயே ஒரு புரதம் இருக்க வேண்டும் என்றேன். விளங்கியதா என்று கேட்டேன். கடைசி வாங்கிலிருந்து தவராசா அண்ணைதான் பதில் சொன்னார்: "ஓம் ரீச்சர், அரசாங்கக் கந்தோர் அலுவல் மாதிரித்தான். உள்ளுக்கை ஒரு ஆளைத் தெரிஞ்சிருக்க வேணும்."

நெடுங்கேணி பஸ்

ஏற்கெனவே செறிவு கூடிய பக்கத்துக்கு ஒன்றைக் கொண்டுபோகக் கலம் சக்தி செலவழிக்க வேண்டும். நெடுங்கேணி பஸ்ஸை உதாரணம் காட்டினேன்: உள்ளே நெரிசல், வெளியே நாலு பேர், அவர்களையும் கொண்டக்டர் தோளால் தள்ளி ஏற்றுகிறார் அல்லவா, அதுதான் உயிர்ப்பான கொண்டுசெல்லல். உதாரணம் சொல்வது எங்கள் தொழில் வியாதி.

மறுநாள் சோதனை வைத்தேன். நிவேதாவின் விடையில் கொண்டக்டர் இருந்தார், மிதிபலகை இருந்தது, நடுவில் ஒரு கோழிக்கூடையும் இருந்தது. தகப்பன் பார்த்துக்கொண்டிருக்க, "இதிலை கலம் எங்கை, பிள்ளை?" என்றேன். அவள் சிரிக்காமல் சொன்னாள்: "பஸ்ஸுக்குள்ளை இடமில்லை, மிஸ்."

மிளகாய்க் கன்று

அடுத்த கிழமை தவராசா அண்ணை உள்ளே வரவில்லை, வாசலில் நின்றார். "இவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். மிளகாய்க் கன்றெல்லாம் வாடுது, நிலம் ஈரமாத்தான் கிடக்கு. என்ன வருத்தம் பிடிச்சிருக்கோ தெரியேல்லை. தோட்டத்திலை ஆள் வேணும், இவ்வளவு படிச்சது காணும்."

நிவேதா எழும்பினாள். "வருத்தமில்லை அப்பா. பக்கத்துத் தோட்டத்துக் கன்று உயரமெண்டு ரோசத்திலை நேற்று யூரியாவை அள்ளிக் கொட்டினியள். வெளியிலை செறிவு கூடினால் வேருக்குள்ளை கிடக்கிற தண்ணி மென்சவ்வாலை வெளியிலை வந்திடும். அதுதான் பிரசாரணம். நல்லாத் தண்ணியைத் திறந்து விடுங்கோ, யூரியா கழுவுப்பட்டுப் போகட்டும்." முழுப் புள்ளிக்கான விடை, அதுவும் பஸ் இல்லாமல்.

தண்ணீர் விட்டதில் எல்லாக் கன்றும் தப்பவில்லை, ஆனால் அநேகமானவை நிமிர்ந்தன. தவராசா அண்ணை திரும்ப வந்து, கடைசி வாங்கில் இருந்தபடியே தீர்ப்பைச் சொன்னார்: "இவள் சோதினை எழுதட்டும், ரீச்சர். ஆனால் சனத்துக்கு முன்னாலை எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ."

உயிரியல் படிப்பிக்கும் சக ஆசிரியர்களே, அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் அடுத்த பாடம் மனித இனப்பெருக்கம், தவராசா அண்ணை இன்னும் எழும்பிப் போகவில்லை.