காணாமல் போன பதினேழு புள்ளிகள்

ஒக்கலிபுரத்து சோஃபியாவுக்கு முப்பத்தொரு வயது. தூசு, புகை, இரைச்சல் ஆகியவற்றை அளந்து அறிக்கை தரும் நிறுவனமொன்றில், கணினியில் வரைபடம் போடுவது அவள் வேலை.

அடுகோடிப் பகுதியில் ஒரு கல் பாலிஷ் பட்டறை. பதினொரு வருடம் அங்கே உழைத்த சந்திரம்மாவை, இருமுகிறாள் என்று நிறுத்திவிட்டார்கள். பட்டறைத் தூசு காரணமில்லை, வீட்டு அடுப்புப் புகைதான் காரணம் என்றார் முதலாளி. சந்திரம்மா வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. திங்களன்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. முதலாளி கட்டணம் கட்டி, சோஃபியாவின் நிறுவனம் பட்டறையில் அளந்து தரும் தூசு அறிக்கைதான் சாட்சி.

வெள்ளிக்கிழமை மேலாளர் வெங்கடசுப்ரமணியன் கணினிக் கோப்பு ஒன்றை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"கிராஃப் நானே போட்டுட்டேம்மா. கலர் மட்டும் மாத்திக் குடு."

"நம்பர் டேபிள் எங்க சார்?"

"டெலீட் ஆயிடுச்சு. படம் நல்லாத்தானே இருக்கு? லிமிட்டுக்கு மேல ஒரு புள்ளி காட்டு பாப்போம்!"

காட்ட முடியாதுதான். அனுமதித்த அளவோடு படத்தின் உச்சியையே முடித்திருந்தார். நாற்பது நாள் அளந்ததில் இருபத்துமூன்று புள்ளிகளே தெரிந்தன. கண்ணுக்குத் தெரியாத கடவுளுக்குத் தினமும் கற்பூரம் காட்டுகிறவர், கண்ணுக்குத் தெரியாத பதினேழு புள்ளிகள் மட்டும் இல்லவே இல்லை என்று நம்பினார்.

ஆனால் நிறம் மாற்றுவதற்காக அவர் அனுப்பியது வெறும் படமல்ல, வரைபட நிரலின் கோப்பு. அச்சின் உயரத்தைக் குறைத்தால் புள்ளிகள் மறையும், அழியாது. சோஃபியா நிரலில் இரண்டு வரி எழுதி, புள்ளிகளின் மதிப்பைக் கேட்டாள். நாற்பது எண்களும் வந்து விழுந்தன. பதினேழு நாள் அளவு மீறியிருந்தது. ஒரு நாள் மூன்று மடங்கு.

"டேபிளை அறிக்கையில சேத்துட்டேன் சார்."

"யாரைக் கேட்டு?"

"உங்க படத்தைத்தான் கேட்டேன். இல்ல, படம் மட்டும் போதும்னா 'தயாரித்தவர்'ங்கற இடத்துல நீங்களே கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவைத் தொடவில்லை. அட்டவணை தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

திங்களன்று முதலாளியின் வக்கீல், அந்தப் பதினேழு நாளும் தூசு அளக்கும் மெஷின் கெட்டிருந்தது என்றார்.

"அதுக்கும் இருமலா சாமி?" என்றாள் சந்திரம்மா.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளை வேலைக்குத் திரும்ப எடுக்கவும் வைத்தியம் பார்க்கவும் உத்தரவிட்டார். மறுவாரம் சோஃபியாவை இரைச்சல் அளக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆணையில் எழுதியிருந்த காரணம்: கவனக்குறைவு.