நான் சொன்ன 'பார்க்கலாம்'

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் என்ன ஆகுமோ என்று உலகமே பதறிய சமயம். நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் கம்பெனிக்கு ஓர் அரபு நாட்டு வங்கியின் வேலை கிடைத்தது. மேனேஜர் நல்ல அமெரிக்கர். என் மேசைக்கே வந்து, "மூன்று மாதம் அங்கே போய் இருக்க முடியுமா?" என்று கேட்டார்.

மனைவிக்கு ஏழாவது மாதம். மாமியாருக்கு விசா மறுத்திருந்தார்கள். முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் மேலதிகாரியிடம் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னவர் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. "பார்க்கலாம் சார்" என்பதை இங்கிலீஷில் சொல்லி, தலையையும் ஓர் ஆட்டு ஆட்டிவைத்தேன். கோயம்புத்தூரில் அதைக் கேட்டவன் வேறு ஆளைத் தேடியிருப்பான். இவர் கைகுலுக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் டிக்கெட் வந்துவிட்டது. என் கிரீன் கார்டு பேப்பர்கள் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தன. அதன்பிறகு எங்கே வாயைத் திறப்பது?

போகிறவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். வேலையைத் தொடங்கிவைக்க ஒரு வாரம் வரவிருந்த மேனேஜரும் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்த நாட்டில் பிறந்து நியூ ஜெர்சியில் குடியேறிய ஓர் அம்மாள் பாடம் எடுத்தார். வலது கையால் வாங்குங்கள். செருப்பின் அடிப்பாகம் எதிரில் இருப்பவருக்குத் தெரியும்படி உட்காராதீர்கள். காபிக் கிண்ணம் காலியானால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதுமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுங்கள். அமெரிக்கர்கள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். பாதி என் அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கடைசியாக அந்த அம்மாள் சொன்னார்: "முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மாட்டார்கள். பார்க்கலாம் என்பார்கள். நீங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும்."

மேனேஜர் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். இப்போதாவது உறைக்குமா என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அன்று மாலை மனைவி என் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று, டம்ளரை எடுத்துக் கிண்ணம் ஆட்டும் வித்தையை நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"நடுவுல ஒரு வாரம் லீவு கேட்டுப் பாருங்களேன். டெலிவரிக்கு வந்துருவீங்கல்லங்க?"

"பாக்கலாம்மா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரிங்க. அப்ப பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டிகிட்ட இப்பவே சொல்லி வெக்கறேன். ஆஸ்பத்திரிக்கு ட்ரைவ் பண்ண ஆள் வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை மடித்தாள்.