திரும்பி வருகிற வண்டிகள்

பச்சை அட்டை போட்ட எண்பது பக்க நோட்டு. ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில் நானே வாங்கியது. அதன் இடப் பக்கங்களில் முதல் ஆறில் மட்டும் என் கோடுகள் இருக்கின்றன. நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. வலப் பக்கங்களைக் காலியாக விட்டிருந்தேன். ரயில்வே டிக்கெட் கவுண்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவனுக்கு அது பழக்கம். இடப் பக்கம் எண்ண, வலப் பக்கம் சரிபார்க்க. இந்த நோட்டில் நான் சரிபார்க்கவில்லை. எண்ணி முடிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். இன்று அந்த வலப் பக்கங்கள் காலியாக இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சம்பந்தியிலிருந்து தொடங்க வேண்டும்.

என் மகளை அவருடைய ஒரே மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். சம்பந்தி தேன்கனிக்கோட்டைக்காரர், அரசு பஸ்ஸில் இருபத்தொன்பது வருடம் ஓட்டுநர். மனைவியை முன்பே இழந்தவர். ஓய்வு பெற்றபின் மகனோடு வந்து இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது காலைச் சற்று முன்னால் நீட்டி வைத்திருப்பார். நான் பேச்சில் வேகம் பிடித்தால் அந்தக் கால் தரையில் மெல்ல அழுந்தும். பிரேக் போடுகிறார் என்று எனக்குத் தெரியும். இதை நான் கவனித்து வைத்திருப்பதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே சண்டை ரயிலா, ரோடா என்பதுதான். ஓசூரிலிருந்து தினமும் பெங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு எது வேண்டும் என்று ஊரெல்லாம் பேசிய காலம் அது. ஒரு கூட்டம் ரயில்களைக் கூட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கியது. இன்னொரு கூட்டம் மேம்பாலமும் அகலச் சாலையும் கேட்டுக் கையெழுத்து வாங்கியது. பஸ் ஓட்டியவர் ரயில் மனுவில் கையெழுத்துப் போட்டார். ரயில்வேயில் சோறு தின்ற நான் சாலை மனுவில் போட்டேன். ஏரிக்கரையில் எங்களோடு நடக்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், “பொண்ணு குடுத்து எடுத்தது போதாதுன்னு ரெண்டு பேரும் உத்தியோகத்தையும் மாத்திக்கிட்டாங்கப்பா” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதில் விந்தை ஒன்றும் இல்லை. அவரவர் வாழ்ந்த இடத்தின் குறை அவரவருக்குத்தானே தெரியும். ஒரு வண்டியை விட்டால் அடுத்த வண்டிக்கு மணிக்கணக்கில் காத்திருப்பவர்களின் முகத்தை நான் கம்பிக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். நடுவழியில் எதிர்வண்டிக்கு வழிவிட நிற்கும் ரயிலைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று விழித்திருக்கிறேன். சாலையில் அப்படி இல்லை, ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்பது என் கட்சி. அவர் யானையைக் கொண்டுவந்து பதில் சொன்னார். “எங்கூரு ரோட்டுல யானை குறுக்க வந்தா வண்டிய நிறுத்திட்டு சும்மா உக்காந்துக்குவோம் சம்மந்தி. அது பாட்டுக்குப் போயிரும். லாரி அப்பிடியா? ரோட்ட அகலம் பண்ணுங்க, ஒண்ணு போற எடத்துல மூணு வந்து நிக்கும்.” அவர் சொன்னதை நான் வாதமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதில் எண் ஒன்றும் இல்லையே.

பேச்சோடு போயிருந்தால் பரவாயில்லை. பிள்ளைகள் வீடு வாங்கும்போது இந்தச் சண்டை வீட்டுக்குள் வந்தது. மாப்பிள்ளைக்குப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மகளுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில். இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்று ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில், சின்னது, பழையது. மற்றது நெடுஞ்சாலை ஓரம், இரண்டாவது மாடி, பால்கனியோடு. ரயிலில் ஹீலலிகே போய் அங்கிருந்து ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம் என்றார் சம்பந்தி. பிள்ளைகள் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். நான் எண்ணிச் சொல்கிறேன் என்றேன்.

நோட்டை வாங்கிக்கொண்டு மூன்று நாள் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை நெடுஞ்சாலை நிறுத்தத்தில் நின்றேன். பெங்களூர் பக்கம் போகும் பஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. இடம் இருந்ததா, நின்று போனார்களா என்பதற்கும் குறி வைத்தேன். மூன்று நாளில் முந்நூற்றுப் பதினெட்டு பஸ். ரயில்களை எண்ண என் ஒரு கை விரல்களே போதும். கோடுகளைக் காட்டியதும் மாப்பிள்ளை, “மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். சம்பந்தி நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஆறு பக்கம் முடிந்து காலிப் பக்கம் வந்த பிறகும் இன்னும் இரண்டு புரட்டிப் பார்த்தார்.

“போறத எல்லாம் எண்ணிட்டீங்க. திரும்பி வர்றத?”

போன வண்டி வராமல் எங்கே போய்விடும் என்று கேட்டேன்.

“வரும். எப்ப வரும்னுதான் கேக்கறேன்.”

நோட்டை மூடி ஜன்னல் கட்டையில் வைத்தார். நெடுஞ்சாலை வீட்டையே வாங்கினோம்.

பின்னால் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன், எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று. டிக்கெட் கொடுப்பவனுக்குப் போகிறவர்களின் முகம் மட்டுமே தெரியும். காசை நீட்டும் கை, ஊர்ப் பெயர், அடுத்த ஆள். அவர்கள் திரும்பி வருவதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது வேறு வாசல். பஸ் ஓட்டுகிறவருக்கு அப்படி இல்லை. காலையில் கொண்டுபோய் விட்டவர்களையே மாலையில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். தூங்கி விழுகிற தலைகளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். முப்பத்தொரு வருடப் பழக்கம் எனக்குப் பாதி வழியை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தது.

காலையில் என் கணக்கு சரியாகவே இருந்தது. ஏழு மணிக்கு இறங்கினால் ஏழு ஐந்துக்குள் பஸ். மாலைதான் கெட்டது. முதலில் ஒரு மேம்பால வேலைக்காகச் சாலையைக் குறுக்கினார்கள். அது முடிந்ததும் இன்னொரு இடத்தில் தோண்டினார்கள். சாலை திறந்த இடங்களில் கார்கள் வந்து நிரம்பின. அத்திப்பள்ளி மாநில எல்லையில் லாரிகள் வால் நீட்டி நின்றன. பிள்ளைகள் எட்டு மணிக்கும் அதற்கு மேலும் வந்தார்கள். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து கிடப்பதை நானே பார்த்தேன். சம்பந்தி ஆறு மணியிலிருந்தே பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாயங்காலம் நான் அங்கே போனால் டீ போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி கம்பிக்கே போய்விடுவார். வாங்கும்போதே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். ரயில் பேச்சையே விட்டுவிட்டார். நான் எடுத்தாலும், “டீ ஆறுதுங்க” என்பார்.

அந்த மாலை ஐந்தரைக்குப் போனேன். கம்பியைப் பிடித்திருந்தார், ஆனால் சாலையைப் பார்க்கவில்லை, குனிந்திருந்தார். வாயு என்றார், சோடா குடித்தால் போய்விடும் என்றார். சட்டை நனைந்திருந்தது. ஆட்டோ வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து, பையனை வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளைக்குப் போன் செய்தபோது ஐந்து ஐம்பத்தைந்து.

ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். ஒரு கையில் போனோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் வரை எத்தனை நிறுத்தம் என்று இருவருக்குமே மனப்பாடம். மாப்பிள்ளை பஸ் ஏறிவிட்டார் என்றேன். ஆறு முப்பத்தைந்துக்குச் சந்தாபுரம் என்றேன். அதன்பிறகு வண்டி நகரவில்லை. வழியில் ஒரு லாரி சாய்ந்து கிடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளை இறங்கி ஓடியிருக்கிறார். முகம் தெரியாத ஒருவர் பைக்கில் கொஞ்ச தூரம், மறுபடி நடை. ஏழு இருபதுக்கு அத்திப்பள்ளி. நான் உற்சாகமாக, இனி என்ன, இருபதே நிமிடம், பதினைந்தாகக்கூட இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தச் சாலையில் அந்த நேரத்தில் அத்திப்பள்ளி என்றால் என்ன அர்த்தம் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். போர்வைக்குள் வலது கால் மெல்ல அசைந்தது.

“எண்ணாதீங்க சம்மந்தி,” என்றார். “சும்மா கையப் புடிச்சிக்கங்க.”

போனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆனால் எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அவர் பிடி தளர்ந்தபோது நான் பார்த்தேன். ஏழு நாற்பத்திரண்டு. மாப்பிள்ளை உள்ளே ஓடி வந்தபோது எட்டு ஐந்து. இருபத்துமூன்று நிமிடம். மகள் வந்து சேர இன்னும் அரைமணி ஆனது. என் மாப்பிள்ளை அப்பாவின் காலைத் தொட்டுக்கொண்டு, “வந்துட்டே இருந்தேன்பா” என்று திரும்பத் திரும்பச் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டாம்.

மறுவாரம் ஒரு தப்பு செய்தேன். நிலையத்தில் இன்னும் வேலையில் இருக்கும் ஒரு பழைய தோழரிடம், அன்று மாலை ரயில் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டேன். தாமதமாக வந்தது என்று சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசைதான். “நாலு நிமிஷம் லேட்டு, ஏழு ஒம்பது” என்றார். அந்த ரயிலை மாப்பிள்ளை பிடித்திருக்க முடியுமா, ஹீலலிகேவுக்கு ஆட்டோ கிடைத்திருக்குமா, கிடைத்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்கு நானே எதிர்க்கட்சி வாதம் செய்து பார்த்திருக்கிறேன். ஏழு ஒன்பதை எந்த வாதமும் அசைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் பெட்டியை ஒழுங்கு செய்யும்போது மகள் இந்த நோட்டை எடுத்து வந்தாள். “இது உங்களதுதானேப்பா?” ஆமாம் என்று வாங்கிப் பிரித்தேன். இடப் பக்கம் என் கோடுகள். வலப் பக்கத்தில், முதல் வரியிலிருந்தே, சம்பந்தியின் எழுத்து. புறப்பட்ட நேரம், வந்த நேரம் என்று டிரிப் ஷீட் எழுதிப் பழகிய கை. ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, பிறகு, “பையன் 8.10. பாப்பா 8.35.” என் மகளை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். சில வரிகளின் ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு சொல். மழை. லாரி. பாப்பா சாப்பிடல. ஒரே ஒரு இடத்தில், “இன்னிக்கு 7.15, ரெண்டு பேரும்” என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு மாலை. இரண்டு தடவை எண்ணினேன். நான் விட்ட பக்கத்தை அவர் நிரப்பியிருக்கிறார், என்னிடம் காட்டவில்லை. கடைசி வரி அவர் போவதற்கு முந்தின நாள்.

இப்போது நெடுஞ்சாலை ஓரம் புதிதாக அளவுக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். மெட்ரோ வரும் என்கிறார்கள், சாலையை இன்னும் அகலப்படுத்துவார்கள் என்கிறார்கள். ஏரிக்கரையில் வாத்தியார் என்னைப் பார்த்தால் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மனுக்காரர்கள் வந்தார்கள். எந்த மனு என்று கேட்காமலேயே கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறேன். என்னிடம் ஒரு சாவி இருக்கிறது. டீ போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்கிறேன். எண்ண வேண்டாம் என்று அவர் சொன்னது மறந்துவிடவில்லை. ஆனால் அவர் எண்ணியிருக்கிறாரே.

நோட்டில் அவர் போன நாளுக்கு உரிய வரியைக் காலியாகவே விட்டிருக்கிறேன். எட்டு ஐந்து என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன், முடியவில்லை. அதற்கு அடுத்த வரியிலிருந்து என் கையெழுத்து. என் மகளை நான் சின்ன வயதிலும் பாப்பா என்று கூப்பிட்டதில்லை. நேற்றைய வரி: பையன் 8.20. பாப்பா 8.50. லாரி.