நான் சொல்லாமல் விட்டது

கல்யாணமாகித் தஞ்சாவூரிலிருந்து மலாக்காவுக்கு வந்த என் மனைவிக்கு மலாய் தெரியாது. கிளினிக்கில் அவளுக்காக நான்தான் பேசுவேன்.

ஒரு வருடமாக அவளுக்கு ஓயாத அசதி. உடம்பும் பெருத்துக்கொண்டே போனது. பார்த்த இரண்டு மருத்துவர்களும் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மூன்றாவதாகப் புக்கிட் ரம்பாயில் ஒரு மலாய் டாக்டரம்மாவிடம் போனோம். மனைவி நெடுநேரம் பேசினாள். நான் மலாயில், "களைப்பாக இருக்கிறதாம்" என்று மட்டும் சொன்னேன்.

ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த தமிழ் நர்ஸ் நிமிர்ந்தார்.

"அண்ணே, அக்கா அத மட்டுமா சொன்னாங்க? ஏழு மாசமா பீரியட் வரல, முடி கொத்துக் கொத்தா கொட்டுது, குளிர் தாங்கலன்னாங்க. நீங்க ஒன்னுமே சொல்லலயே லா?"

காது சுட்டது. சிலவற்றைச் சொல்ல எனக்கு வெட்கம். மற்றவற்றை அவள் மிகைப்படுத்துவதாக நினைத்திருந்தேன்.

நர்ஸ் கேட்கக் கேட்க அவள் அழுதுகொண்டே சொன்னாள். அதை நர்ஸ் மலாயில் சொல்லச் சொல்ல, டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார்.

"இங்க பேசுறதுக்கு எனக்கு ஆளே இல்ல சிஸ்டர்" என்று அவள் சொன்னதை மட்டும் நர்ஸ் மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது தெரிந்தது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள், தேறி வருகிறாள்.

இப்போது டாக்டர் அறைக்குள் அவள் நானில்லாமலே போகிறாள்; அந்த நர்ஸ்தான் மொழிபெயர்க்கிறார். நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊரில் அவள் மொழி தெரிந்த துணையாக நான் ஒருவன் இருந்தும், அவளைத் தனியாகத்தான் விட்டிருந்தேன்.