இரும்புப் பாலத்தில் ரெண்டு தட்டு

அண்ணே, பேய், முனின்னு யாராச்சும் பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நான். தோட்டத்து லயத்து வீடுங்கள்ல முனிக்குக் கோழி அறுத்தா கறி தின்ன மட்டும் போவேன், அவ்வளவுதான் நம்ம பக்தி. நீங்க நம்புனாலும் சரி, சிரிச்சாலும் சரி, நடந்தத அப்படியே சொல்லிடுறேன்.

சித்தியவான் ரோட்டுல வெள்ளைக்காரன் போட்ட இரும்புப் பாலம் இருக்குல்ல, நீங்க மாட்டுவண்டிக்குப் புதுசு, அதனால சொல்றேன், அதுல ஒரு வண்டிதான் போகலாம். எதிர்ல இன்னொண்ணு ஏறிட்டா மாட்டப் பின்னால நடத்த முடியாது. அந்தப் பக்கத்து முனை மரத்துல மறைஞ்சு கெடக்கும். அதனால ஏறுறதுக்கு முன்னாடி இரும்புச் சட்டத்துல கம்பியால மூணு தட்டு தட்டுவோம், சத்தம் இரும்புலயே ஓடி அடுத்த முனைக்குக் கேட்கும். பதிலுக்கு ரெண்டு தட்டு வந்தா ஆள் ஏறியாச்சு, நாம நிக்கணும்.

அன்னிக்கு வண்டியில வழக்கமா ஏத்துற ரப்பர் ஷீட் இல்ல, என் சம்சாரம் அஞ்சலை. தலைப்பிரசவம். விடிஞ்சதுலேர்ந்து வலி, புள்ள குறுக்கால கெடக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னு மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. பல்லு கிட்டிடாம வாயில துணியத் திணிச்சு ஏத்தி விட்டா. துணைக்கு ஆளில்ல, எல்லாரும் ரப்பர் மரத்துல பால்வெட்டுக்குப் போயிருந்தாங்க, நான் மட்டும்தான் ஓட்டிட்டுப் போறேன். மத்தியான வெயிலு.

மூணு தட்டுனேன். ரெண்டு தட்டு வந்துச்சு. நின்னேன். ஒருத்தனையும் காணோம். மறுபடி தட்டுனேன், மறுபடி ரெண்டு. மூணாவது தடவையும் அதே. வண்டிக்குள்ள அஞ்சலை முனகல் கொறஞ்சுக்கிட்டே வருது. வண்டிய விட்டுட்டு அந்த முனை வரைக்கும் ஓடிப் பார்த்தேன். பாலத்துலயும் ஆளில்ல, ரோட்டுலயும் ஆளில்ல.

திரும்பி வந்து, ஏறலாமா வேணாமான்னு நிக்கிறேன், உள்ளேர்ந்து பொம்பளக் குரல், "வழி விட்டாச்சு, ஓட்டு வீராசாமி"ன்னுச்சு. ஓட்டிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல, டாக்டருக்கு உதவியா இருக்குற டிரசர்தான் அவ பல்லுலேர்ந்து அந்தத் துணிய உருவுனாரு. பொண்ணு பொறந்துச்சு, தாயும் பொழச்சா. நான் அழுதுட்டேன்.

மூணு நாள் கழிச்சு அவளக் கிண்டல் பண்ணேன். "வலி வந்தாத்தான் புருஷன் பேரு வாயில வருமா?"

"நானா? வாயில துணிய வெச்சுக்கிட்டா? அந்த அக்காதானே சொன்னாங்க."

"எந்த அக்கா?"

"நீங்க பாலத்தப் பாக்க ஓடுனீங்களே, அப்ப வந்து ஏறுனாங்க. நீங்கதான் துணைக்குக் கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன். பாலம் முடியற வரைக்கும் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. புள்ளைக்கு என்ன பேருன்னு கேட்டாங்க, என்னால பேச முடியல. சரி, பேரு வெச்சதும் வந்து புள்ளயக் கூப்பிட்டுக்கிறேன்னு எறங்கிட்டாங்க."

வீட்டுக்கு வரும்போது சுத்து வழியாத்தான் கூட்டியாந்தேன். நான் மட்டும் ஷீட் ஏத்திக்கிட்டு வாரத்துக்கு ரெண்டு தடவ அதே பாலத்துல போய்ட்டு வாரேன், ஒண்ணும் நடக்கல. இப்பவும் நான் எதையும் நம்புறதில்ல அண்ணே. ஆனா பாப்பாவுக்கு மூணு வயசாச்சு, இன்னும் பேரு வைக்கல.