வளர்ந்தால் வெட்டுவார்கள்

என் மகளுக்கு ஐந்து வயதில் முதுகில் கம்பி வைத்தார்கள். 2005-ல். அவள் முதுகெலும்பு வளைந்திருந்ததற்கு டாக்டர்களுக்கே காரணம் தெரியவில்லை. கடலூரில் எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் இடது இடுப்பிலேயே தூக்கி வைத்ததால்தானாம்.

"ஒரே இடுப்புல தூக்கினு திரிஞ்சா புள்ள கோணாம என்னா பண்ணும் அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"உன்னையுந்தான் தூக்கி வளத்தாங்க. நீ நேராவா பேசற?" என்றேன். அதன்பிறகு ரொம்ப நாள் அவள் எங்கள் வீட்டில் காபி குடிக்கவில்லை.

டாக்டர் சென்னைக்காரர். மாதம் ஒருநாள் சிதம்பரம் வந்து பார்ப்பார். வளைவு இப்படியே போனால் நுரையீரலுக்கு இடம் இருக்காது என்றார். பெரியவர்கள் என்றால் முதுகை நிமிர்த்தி ஒரேயடியாக இறுக்கிவிடலாம். குழந்தைக்கு அப்படிச் செய்தால் முதுகும் நெஞ்சும் வளராமல் நின்றுவிடும். அதனால் நீட்டக்கூடிய கம்பி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சென்னைக்குக் கூட்டிப்போய், முதுகைத் திறந்து, கம்பியைக் கொஞ்சம் நீட்டித் தைக்க வேண்டும்.

"வளர்ற வரைக்கும் செஞ்சிக்கிட்டே இருக்கணும்மா" என்றார். என் மகள் அப்போது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளையின் பாவாடை குட்டையாகிவிட்டால் மற்ற அம்மாக்களுக்குச் சந்தோஷம். நான் அடுத்த ஆபரேஷனுக்கு நாள் எண்ணுவேன். பஸ்ஸில் யாராவது, "பாப்பா நல்லா வளந்துட்டாளே" என்றால் அவர்களைக் கடித்துக் குதறலாம் போல வரும். திருவந்திபுரம் போனபோது பெருமாளிடம், "இவ மெதுவா வளரட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். பெற்றவள் கேட்கிற வரமா இது என்று அங்கேயே அழுகை வந்தது. அழுதேன்.

ஏழு வயதில் அவள் சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினாள். எடை ஏறாவிட்டால் அடுத்த ஆபரேஷன் செய்ய முடியாது என்றார் டாக்டர். மருந்தின் வேலை என்று நினைத்தேன். "சாப்புடுடி கண்ணு, அப்பதான் வளருவே" என்று கெஞ்சினேன். அதட்டவும் செய்தேன். சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்ப் புழக்கடையில் துப்பிவிட்டு வருவாள்.

அடுத்த முறை சிதம்பரத்தில் நர்ஸ் உயரம் பார்த்தபோது, முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது. கம்பி உடைந்துவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. அப்படிச் சில பிள்ளைகளுக்கு ஆகியிருக்கிறது. எக்ஸ்ரேயில் கம்பி ஒழுங்காகத்தான் இருந்தது. டாக்டர் யோசித்துவிட்டு அவளை மறுபடி சுவரோரம் நிற்கவைத்தார். குனிந்து பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். முட்டி இரண்டையும் மடக்கி நின்றிருந்தாள்.

"என்னா பாப்பா, நாற்காலி இல்லாமயே உக்காந்திருக்கியா?" என்று சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். கம்பி உடையவில்லை என்ற நிம்மதியில் நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. தொடை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. "நான் வளரல டாக்டர்" என்றாள்.

திரும்பும்போது பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் மெல்லக் கேட்டேன். "அதான் சாப்புட மாட்டேங்கறியா?"

"சாப்புட்டா வளருவேன்னு நீதானே சொன்ன. வளந்தா வெட்டுவாங்க."

எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊருக்கே தெரியும். ஆனால் வளராவிட்டால் மூச்சு நின்றுபோகும் என்று ஏழு வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? அதன்பிறகு "சாப்புடு" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். உயிரைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சாப்பிட்டாள். ஆபரேஷன்களும் நடந்தன. ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரெச்சரில் உள்ளே போகும்போது, அவள் டாக்டர்களைப் பார்க்க மாட்டாள். என்னைத்தான் பார்ப்பாள்.

2012-ல் அவளுக்குப் பன்னிரண்டு வயது. எலும்புகள் ஒன்றோடொன்று தானாகவே ஒட்டத் தொடங்கிவிட்டன, இனி கம்பியை நீட்ட முடியாது என்றார் டாக்டர். கடைசியாக ஓர் ஆபரேஷன் செய்து மொத்தமாக இறுக்கிவிடலாம். "கால் கொஞ்சம் வளரலாம். முதுகு இவ்வளவுதாம்மா."

என் தோளுக்குக்கூட எட்டாமல் நின்றிருந்தாள். எந்தப் பெருமாளிடம் கேட்டேனோ, அவர் கொடுத்துவிட்டார். டாக்டர் முன்னாலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அப்ப இனிமே வளர மாட்டேனா?" என்று அவள் கேட்டாள்.

டாக்டர் தயங்கினார். "முதுகு வளராதும்மா."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று அவளே வாய்விட்டுச் சோறு கேட்டு வாங்கினாள். பரிமாறியவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ம்மா, இனிமே எவ்ளோ வேணா சாப்புடலாம்ல?"

"சாப்புடு" என்றேன்.

என் இலையில் சோறு அப்படியே இருந்தது. "உனக்கு வேணாமா?" என்று கேட்டு, என் அப்பளத்தையும் எடுத்துக்கொண்டாள்.